மார்க் போடுறவன்

நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. பெத்த புள்ளைங்கிறதுக்காக மூணு மார்க் கூடப் போட்டுப் பாஸ் பண்ணி விடலாமா? விடலாமா, கூடாதா, அதை மட்டும் சொல்லுங்க.

இல்ல, பொறுங்க. விஷயத்தைச் சொல்லிடுறேன், அப்புறம் சொல்லுங்க. இல்லேன்னா நீங்களும் என் வீட்டுக்காரி மாதிரி கேட்ட மாத்திரத்துல 'போட்டிருக்கலாமே'ம்பீங்க. மதுரைக்குத்தானே போறீங்க? நானும் இதே பஸ்ல மதுரை வரைக்கும்தான். அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிடுங்க, காத்துல பேசுறது கேக்காது.

என் பேரு தங்கமாரியப்பன். ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல பருத்தி செலக்டரா இருக்கேன், இருபத்தாறு வருஷமா. லாரியில பருத்தி வந்து இறங்குதுன்னா, நான் ஒரு பிடி எடுத்து ரெண்டு பெருவிரலுக்கு நடுவுல இழுத்துப் பாத்து, இத்தனை மில்லி நீளம்னு சொல்லுவேன். அப்புறம்தான் மெஷின்ல வைப்பாங்க. மெஷினும் நானும் அரை மில்லிக்கு மேல சண்டை போட்டதில்ல. நம்மளை மாதிரி ஆளு முகம் பாத்து மார்க் போட்டா மில்லு என்ன ஆகும்? வியாபாரி காப்பி வாங்கித் தர்றான்னு மட்டமான பருத்தியை நல்லதுன்னு சொல்லிட்டா, அங்க நூலு அறுந்துகிட்டே கெடக்கும். என் வேலையே குறை கண்டுபிடிக்கிறதுதான். அதைத் தப்புன்னா நான் எங்க போறது?

சரி, கபடிக்கு வர்றேன். டிவியில கபடி லீக் போடுறான் பாத்திருக்கீங்களா? எட்டு ஊர் டீமு. அந்த ஆட்டக்காரங்களை வச்சு எங்க மில்லுல நாங்க பத்துப் பேரு காகிதத்துல ஆளுக்கொரு டீம் வச்சிருக்கோம். வாராவாரம் நம்ம ஆளுங்கள்ல ஏழு பேரைப் பட்டியல் போட்டுக் குடுத்துரணும். அங்க நிஜ மேட்ச்சுல அவங்க எடுக்கிற பாயிண்ட் இங்க நமக்குப் பாயிண்ட். பைசா எல்லாம் கெடையாது அண்ணாச்சி. ஜெயிச்சவனுக்கு ஒரு எவர்சில்வர் குடம். அதையும் வீட்டுல பொம்பளையாளுக தண்ணி புடிக்க எடுத்துக்கிடுவாங்க.

ஊருல நெறையப் பேரு இந்த மாதிரி ஆடுறாங்கதான். அவங்க வருஷா வருஷம் டீமைக் கலைச்சுட்டுப் புதுசா எடுப்பாங்க. நாங்க அப்படி இல்ல. ஒருத்தனை எடுத்தா எடுத்ததுதான், அவன் ஆட்டத்தை விடுற வரைக்கும் நம்ம ஆளு. அதனால எங்களுக்கு எல்லாமே புதுமுகம்தான். லீக் ஆரம்பிக்கிறதுக்கு முந்துன ஞாயித்துக்கிழமை அந்த வருஷம் புதுசா வர்ற பசங்க பட்டியலை வச்சு உக்காருவோம். அதுக்கு ஆளெடுப்புன்னு பேரு. போன வருஷம் கடைசியா வந்தவன் முதல்ல எடுப்பான். இருபது வயசுப் பையனைப் பாத்து, இவன் இன்னும் பத்து வருஷத்துக்கு எப்படி ஆடுவான்னு சொல்லணும். லேசுப்பட்ட காரியமா?

ஆளெடுப்பு முடிஞ்ச மறுநாள் நான் மதிப்பீடு எழுதுவேன். யாரு யாரை எடுத்தான், நல்ல எடுப்பா, வீண் எடுப்பா, நூத்துக்கு எத்தனைன்னு எழுதி வாட்ஸ்அப் குரூப்புல போடுவேன். ஒம்பது வருஷமா நான்தான். காலை ஷிப்ட்டுக்கு வர்றவன் கேட்டுலயே நின்னு படிச்சுட்டுத்தான் உள்ள வருவான். மூணு வருஷம் கழிச்சு எடுத்துப் பாத்தா நான் போட்ட மார்க்குல பத்துக்கு எட்டு சரியா இருக்கும். பெருமைக்குச் சொல்லல.

இந்த வருஷப் பட்டியல்ல பதினாறாவது பேரு முகேஷ்கண்ணன். ராஜபாளையம். ரைடர், அதாவது பாடிப் போறவன். என் மகன்.

ஆமா, என் மகன்தான். கல்லூரி டீமுல ஆடிக்கிட்டிருந்தவனைத் தஞ்சாவூர்க்காரங்க எடுத்துட்டாங்க. வீட்டுல ஒரே கொண்டாட்டம். எங்க தெருவுல ஃபிளெக்ஸ் வச்சாங்க. என் வீட்டுக்காரி வடிவு அக்கம்பக்கம் எல்லாம் கேசரி கிண்டிக் குடுத்தா. நான் என்ன சொன்னேன்? 'டீமுல சேத்தா ஆட வைப்பான்னு அர்த்தமில்ல, பெஞ்சுல உக்காரவும் ஆளு வேணும்'னேன். அவன் கெத்தா நடந்து காலைக் கீழ ஊணாம போயிரக்கூடாதுன்னுதான் சொன்னேன். அவன் கேசரித் தட்டைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு வார்த்தை தாங்காது.

ஆளெடுப்பு ஜெயசிங் வீட்டு மாடியில. ஜெயசிங் யாருன்னா, மில்லுல எலெக்ட்ரீசியன், எனக்கு அடுத்த வீடு, இருபது வருஷப் பழக்கம். முகேஷ் அவனை மாமாம்பான். அன்னிக்கு எனக்கு மூணாவது முறை, ஜெயசிங்குக்கு நாலாவது.

எங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு அண்ணாச்சி. எவன் வீட்டுப் புள்ளையாவது பட்டியல்ல வந்தா, அவன் முறை வர்ற வரைக்கும் மத்தவன் அந்தப் பேரைத் தொடமாட்டான். எங்கயும் எழுதி வைக்கல. முந்தி எங்க பத்துப் பேருல ஒருத்தன் மூக்கையாவோட தங்கச்சி மகன் வந்தப்ப அப்படித்தான் விட்டுக்குடுத்தோம். எடுத்தான். நான் அதுக்கும் இருபத்தெட்டு மார்க்குதான் போட்டேன், பாத்துக்கிடுங்க. நான் ஆளு பாத்துப் போடுறவன் இல்ல.

முதல் ரெண்டு பேரும் முகேஷைத் தொடல. என் முறை வந்துச்சு. எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க. ஜெயசிங் வீட்டம்மா மைசூர்பாகு தட்டோட படிக்கட்டுல நிக்கிது, நான் பேரைச் சொன்ன உடனே குடுக்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எனக்கு எவனும் எதையும் விட்டுக்குடுக்க வேண்டாம்யா! நான் நோட்டைப் பாத்தேன். என் கணக்குப்படி மூணாவது பேரு பரணிதரன், நாமக்கல் பையன், நல்ல உயரம், ரெண்டு பக்கமும் பாடுவான். 'பரணிதரன்'னு சொன்னேன்.

யாரும் கை தட்டல. ஜெயசிங் ஒரு நிமிஷம் கூட யோசிக்கல அண்ணாச்சி. 'முகேஷ்கண்ணன்'ன்னுட்டான். மொத்த மாடியும் எந்திரிச்சுக் கை தட்டுச்சு. மைசூர்பாகை அவனுக்குக் குடுத்தாங்க. எனக்கும் குடுத்தாங்க, இல்லேன்னு சொல்லல.

ஜெயசிங் அங்க வச்சே தஞ்சாவூருக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல விட்டான். 'டேய் மருமகனே, உன்னை எடுத்துட்டேன்டா'ன்னான். அந்தப் பக்கம் பையன் சிரிச்சான். சிரிச்சுட்டு, 'மாமா, உங்களுக்கு எத்தனையாவது முறை?'ன்னு கேட்டான். இவன் 'நாலு'ன்னான். 'அப்பாவுக்கு?'

ஜெயசிங் என் முகத்தைப் பாத்தான். பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கிறுக்கனுக்குப் பொய் வராது. 'மூணுடா'ன்னான். 'சரி மாமா, பிராக்டிஸ் இருக்கு'ன்னு பையன் வச்சுட்டான்.

மறுநாள் நான் மதிப்பீடு எழுதுனேன். என் பரணிதரனுக்கு எழுபத்தெட்டு. ஜெயசிங்குக்கு வந்தேன். 'உணர்ச்சிவசப்பட்ட எடுப்பு. பழக்கத்துக்காக எடுத்ததே தவிர ஆட்டத்துக்காக அல்ல. உயரம் போதாது. இடது கணுக்கால் பழைய காயம், வேகமாகத் திரும்பும்போது வலிக்கும். நெருக்கடி நேரத்தில் இவருக்குக் கை கால் நடுங்கும், இதை நான் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன். நூற்றுக்கு முப்பத்திரண்டு.' இதுதான் எழுதுனது. ஒரு வார்த்தை பொய் இல்ல. இதை வேற எவன் எழுதியிருக்க முடியும்? எல்லாம் நான் கூடவே இருந்து பாத்தது.

கணுக்காலா? அது பதினொண்ணாப்பு படிக்கிறப்ப. பைக்குல இருந்து விழுந்தான். நான்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன். சிவகாசியில ஒரு மேட்ச் தோத்துட்டு வர்றோம். கடைசி ரைடுல எங்க விட்டான்னு அவனுக்குப் புரியிற மாதிரி சொல்றதுக்காக ஒருதடவை பின்னாடி திரும்புனேன், முன்னாடி எருமை வந்துருச்சு. எருமையை ரோட்டுல விடுறவனை யாரும் கேக்க மாட்டேங்கிறான். ஆறு வாரம் கட்டு. அது இப்ப எதுக்கு, விடுங்க.

என்ன ஆச்சுன்னா, மூக்கையா என் மதிப்பீட்டைத் தூக்கி ஏதோ கபடி ரசிகர் பக்கத்துல போட்டுட்டான். 'எங்க மில்லு நிபுணர்'னு பெருமையாத்தான் போட்டிருக்கான். அது சுத்திச் சுத்தித் தஞ்சாவூர் டீமு டாக்டர் கைக்குப் போயிருச்சு. பையன் சேரும்போது பழைய காயம் எதுவும் இல்லேன்னு எழுதிக் குடுத்திருக்கான் போல. எனக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? கூப்பிட்டு வச்சு ஸ்கேன் எடுத்தாங்க. கால் தேவலை, ஆனா பாத்துத்தான் இறக்கணும்னு சொல்லிப் பத்து மேட்ச் வெளிய உக்கார வச்சுட்டாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் போன் பண்ணினான். 'அப்பா, அது நீங்க எழுதுனதா?' 'ஆமா.' 'கணுக்காலும்?' 'இருக்கிறதைத்தானேப்பா எழுதுனேன்.' 'சரிப்பா'ன்னான். சண்டை போட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன். சரிப்பான்னா என்ன பண்றது? அதுதான் கடைசி. மூணு மாசம் ஆச்சு. அம்மாகிட்ட பேசுறான். ஜெயசிங்கிட்ட வாரம் தவறாம பேசுறான். செவுத்துக்கு அந்தப் பக்கம் சிரிக்கிறது எங்க வீட்டுக்கே கேக்குது. நான் சாப்பிட உக்காந்தா வடிவு சோத்தைப் போட்டு வச்சுட்டுப் பின்கட்டுக்குப் போயிருறா.

ஜெயசிங் பண்ணின கூத்தைக் கேளுங்க. பையன் பெஞ்சுல உக்காந்திருந்த பத்து மேட்ச்சும் அவனைப் பட்டியல்ல போட்டான். ஏழு பேருல ஒருத்தன் சைபர். வாராவாரம் தோக்குறான். நான் கேட்டேன், 'ஏய், ஆடாதவனை எதுக்குய்யா போடுறே? வேற ரைடர் ரெண்டு பேரு சும்மா கெடக்கான்ல'ன்னு. 'அவன் பேரு பட்டியல்ல இருக்கட்டும் மாரியப்பா'ன்னான். இப்படி ஆடுனா எப்பய்யா குடம் வாங்குவே? கடைசி இடத்துல கெடக்கான், கவலையே இல்ல.

பதினோராவது மேட்ச்சுலதான் முகேஷை இறக்குனாங்க. சேலத்துல நடந்துச்சு. நான் டிவி முன்னாடி பேனா பேப்பரோட உக்காந்தேன். ஆறு பாயிண்ட் எடுத்தான் அண்ணாச்சி. அதுல ஒரு ரைடு, பாயிண்ட் எடுக்கலேன்னா அவனே வெளிய போகணும், மேட்ச்சும் போச்சு. நான் டிவி கிட்டப் போயி அவன் கையைப் பாத்தேன். நடுங்குதான்னு. 'நடுங்குதாடி பாரு, நீ பாரு'ன்னு வடிவைக் கூப்பிட்டேன். அவ கும்பிட்டுக்கிட்டு நின்னா. கல்லு மாதிரி இருந்துச்சு கை. ரெண்டு பேரைத் தொட்டுட்டு, இடது காலை ஊணித் திரும்பி வந்துட்டான். நான் கத்திட்டேன். மூணாவது ரைடுல ஒரு போனஸ் பாயிண்டை விட்டான், அது வேற விஷயம்.

மறுநாள் நான் ஜெயசிங்கிட்டப் போனேன். எங்க லீக்குல ஆளை மாத்திக்கிடலாம், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாப் போதும். 'முகேஷை எனக்குக் குடு, பரணிதரனை நீ வச்சுக்கோ'ன்னேன். 'என் கேப்டனையும் எடுத்துக்கோ'ன்னேன். 'அடுத்த வருஷம் என் முதல் முறையும் உனக்குத்தான்'னேன். ஒம்பது வருஷத்துல எவனும் இப்படி ஒரு மாத்து கேட்டதில்ல. நானே மதிப்பீடு எழுதியிருந்தா எனக்குப் பத்து மார்க் கூடப் போட்டிருக்க மாட்டேன். பாசத்துல கேக்கல, எனக்கு ஒரு ரைடர் குறையுது. அதான்.

'எனக்கு ஒண்ணும் வேண்டாம் மாரியப்பா, சும்மாவே தர்றேன்'னான். 'ஆனா பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுறேன்'னான். காகிதத்துல இருக்கிற டீமுக்கு ஆட்டக்காரன்கிட்ட யாராவது கேப்பானா? கேட்டிருக்கான். முந்தாநாள் வந்து சொன்னான். எங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, என்னைப் பாக்காம சொன்னான். 'வேண்டாம் மாமா, நான் உங்க டீமுலயே இருக்கேன். உங்க டீமுல நான் ஆடாதப்பவும் ஆடுனேன்'னு சொல்லிட்டானாம்.

அதைக் கேட்டுட்டு நேரா மில்லுக்குப் போனேன். பருத்திப் பேல் வந்து இறங்கியிருந்துச்சு. ஒரு பிடி எடுத்து இழுத்துப் பாத்தேன், எத்தனை மில்லின்னு சொல்ல வரல. பக்கத்துல நின்ன பையன் 'சார், சார்'ங்கிறான். மெஷின்ல வச்சுப் பாத்துக்கோன்னு சொல்லிட்டு கேன்டீனுக்குப் போயிட்டேன். மனசு ரொம்ப வலிச்சுது அண்ணாச்சி. வெளிய சொல்லிக்கிட முடியல, உங்ககிட்ட சொல்றேன்.

இன்னிக்கு மதுரையில அவனுக்கு மேட்ச். மூணு பாஸ் அனுப்பியிருந்தான். அம்மாவுக்கு ஒண்ணு, மாமாவுக்கு ஒண்ணு, அத்தைக்கு ஒண்ணு. காலையிலயே கார்ல போயிட்டாங்க. நான் தனியா டிக்கெட் எடுத்திருக்கேன், கடைசி வரிசை. இதோ.

இருங்க, போன் அடிக்குது, வீட்டுக்காரிதான். ஹலோ... ஆமா... சாப்பிட்டேன், சாப்பிட்டேன்... எங்க இருப்பேன், மில்லுலதான்... பஸ் சத்தமா? லாரி வந்திருக்கு, பேல் இறக்குறாங்க... அவன் என்ன பண்றான்?... கால் எப்படி இருக்காம்?... நான் கேட்டேன்னு சொல்லாத. சரி, வை.

பொய்தான் சொன்னேன். நான் வர்றது அவனுக்குத் தெரியக்கூடாது. ஆனா தெரிஞ்சுரும் அண்ணாச்சி. கோட்டுக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி கூட்டத்தை ஒரு சுத்து பாப்பான், அஞ்சாப்பு படிக்கிறப்ப இருந்தே. எங்க உக்காந்திருந்தாலும் என்னைக் கண்டுபிடிச்சுருவான். பள்ளிக்கூடத்து மேட்ச்சுல கோட்டு ஓரத்துல நின்னேன், பாத்தான். விருதுநகர்ல ஸ்கோர் எழுதுறவர் பக்கத்துல இருந்தேன், பாத்தான். கல்லூரி செலக்‌ஷனுக்குப் போயிருந்தேன், கோச்சுக்குப் பின்னாடி தூணு மறைவுல நின்னேன், அங்கயும் பாத்துட்டான். மூணுலயும் கை என்ன நடுக்கம்ங்கிறீங்க.

என்ன கேட்டீங்க? சேலத்துக்கா? இல்ல, சேலத்துக்கு நான் போகல. அன்னிக்குப் பகல் ஷிப்ட்டு. டிவியிலதான் பாத்தேன்னு சொன்னேனே.

இல்ல. அங்க நான் இல்ல.

...

எந்த ஊரு இது? கல்லுப்பட்டியா? அதுக்குள்ள வந்துருச்சா.

அண்ணாச்சி, ஒரு உதவி. மதுரையில உங்களுக்கு அவசர வேலை ஒண்ணும் இல்லைன்னா, இந்த டிக்கெட்டைப் புடிங்க. ஏழு மணிக்கு மேட்ச். புடிங்க, சும்மா புடிங்க. நான் இங்கனயே இறங்கிக்கிடுறேன், எதுத்தாப்புல ராஜபாளையம் பஸ் நிக்கிது. ஏழாம் நம்பர் சட்டை, கொஞ்சம் குட்டையா இருப்பான். நல்லா ஆடுவான். அவன் பாடிப் போறப்ப இடது காலை எங்க ஊணுறான்னு மட்டும் கொஞ்சம்... இல்ல, வேண்டாம். அதைப் பாக்காதீங்க. கை தட்டுங்க, போதும். வெளிய உக்கார வச்சிருந்தாலும் அவன் பேரைச் சொல்லிக் கை தட்டுங்க. மார்க் மட்டும் போட்டுறாதீங்க அண்ணாச்சி.

கண்டக்டர் தம்பி, ஒரு ஆளு இறங்கணும்.